மறுக்கப்பட்ட துறை

கணினியினுள் இயங்கும் செய்நிரல் தனக்கு வெளியே உள்ள வன்பொருளோடு, அஃதாவது அச்சுப்பொறி, விசைப்பலகை, கடிகாரம், உணரி முதலியவற்றோடு பேசும் வாயிலுக்குத் தமிழில் 'துறை' என்னும் பெயர் வழங்குகின்றது. கலைச்சொற்களிற் பல மூலச்சொல்லின் நிழலாய் மட்டும் நின்றுவிடுவதுண்டு. இச்சொல் அத்தகையதன்று. மூலச்சொல் எளிதில் உணர்த்தாத ஒன்றையும் இது உணர்த்துகின்றது. அதனை மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழ்வோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கும் ஐம்பது கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு நெடுங்காலம் துறைகளே வழியாயிருந்தன. அம்பிளாந்துறை தன் பெயரிலேயே அதனைத் தாங்கி நிற்கின்றது. 2014ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும் வரை மண்முனைத் துறையிற் பாதையேறியே மக்கள் அக்கரை சென்றனர். (பாதை என்பது மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இப்பிரதேசத்தில் வழங்கும் பெயர் என்பதைப் பிற பிரதேச வாசகர் பொருட்டுச் சொல்லிவைக்கலாம்.) நீர் எங்கும் இருந்தது, துறை சில இடங்களில் மட்டுமே இருந்தது. ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. பாதையைச் செலுத்த உரிய ஆள் உண்டு. கரையில் நின்ற எவனும் தன் வண்டியை நேரே நீருக்குள் ஓட்டிவிட்டு, வாவி தன்னை ஏற்க மறுத்தது என்று முறையிட்டதில்லை.

கணினிக் கல்வியிலோ அம்முறையீடு நாள்தோறும் ஒலிக்கின்றது. யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில், சிறப்பாக லினக்ஸில், வன்பொருட் துறையைத் தொட முயலும் மாணவனின் செய்நிரல் தடுக்கப்படுகின்றது. தடுக்கப்பட்டதன் காரணத்தை அறிய அவனுக்கு யாரும் வழிகாட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு மருந்து கையளிக்கப்படுகின்றது: "றூட்டாகி ஓட்டு." றூட் என்பது அம்முறைமையில் எல்லா அதிகாரமும் பெற்ற பயனரின் பெயர். எல்லாம் வல்லவனாகிவிட்டால் எத்தடையும் இல்லையல்லவா என்பது இம்மருந்தைக் கொடுப்போரின் தருக்கம். இத்தருக்கம் பிழையானது, பிழையாயிருப்பதோடு, பிழைகளை மறைக்கும் ஆற்றலும் உடையது. இதனை ஒரு சிறிய எடுத்துக்காட்டின் மூலம் நிறுவலாம்.

கணினி ஆய்வுகூடப் பயிற்சிகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பயிற்சியொன்று உண்டு. அச்சுப்பொறித் துறையின் எட்டுத் தரவுக் கம்பிகளில் எட்டு ஒளிகாலும் இருவாயிகளைத் தடையிகளோடு இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எரியச் செய்வதே அப்பயிற்சி. அத்துறையின் மரபான முகவரி பதினறும எண்ணில் 378. பதின்ம எண்ணில் 888. அதற்கு 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்னும் எண்களை முறையே அனுப்பினால் எட்டு விளக்குகளும் வரிசையாய் எரியும். 1987இல் வெளிவந்த டேர்போ சி என்னும் தொகுப்பியைக் கொண்டு டொஸ் முறைமையில் இதைச் செய்ய நான்கைந்து வரிகள் போதும். டொஸ் ஒருவர் ஒருநேரத்தில் ஒரு செய்நிரலை ஓட்டும் முறைமை. அங்கே காவலும் இல்லை, காக்கப்பட வேண்டிய இரண்டாமவரும் இல்லை. வாவியிலே ஒரே ஒரு தோணி மட்டும் இருந்தால் துறைக்கு ஒழுங்கு எதற்கு?

அதே பாடக்குறிப்பு, டொஸ் வழக்கொழிந்து பல்லாண்டுகள் சென்ற பின்பும், லினக்ஸ் நிறுவப்பட்ட கணினியின் முன்னிருக்கும் மாணவனுக்குக் கொடுக்கப்படுகின்றது. டேர்போ சிக்கே உரிய தலைப்புக்கோப்பு அங்கில்லை என்று தொகுப்பி முதலிற் கூறும். யாரோ ஒருவர் சொல்ல, 'அவுட்பி' என்னும் சார்பை அவன் இடுகின்றான். தொகுப்பு முடிகின்றது. ஓட்டியவுடன் 'துண்டாக்கப் பிழை' என்னும் ஒரே வரியோடு செய்நிரல் மடிகின்றது. நினைவகத்திற் பிழையான இடத்தைச் சுட்டி தொட்டுவிட்டால் வரும் அதே வரி! ஆதலால் மாணவன் தன் செய்நிரலிற் சுட்டியைத் தேடுகின்றான். அதிலே சுட்டியே இல்லை. ஒரு பொழுது முழுவதும் இவ்வாறு கழிந்த பின்னரே மேற்சொன்ன மருந்து வருகின்றது.

உண்மையில் நிகழ்ந்தது யாது? தடுத்தது லினக்ஸின் கரு மட்டுமன்று, முறைவழியாக்கியே தடுத்தது. இன்ரெல் நிறுவனம் 1982இல் வெளியிட்ட 80286 முறைவழியாக்கியிலேயே, எந்த அதிகாரப் படியில் நிற்கும் செய்நிரல் துறைகளைத் தொடலாம் என்பதைக் குறிக்கும் ஏற்பாடு அமைந்துவிட்டது. 1985இல் வந்த 80386 அதனை மேலும் நுட்பமாக்கியது. இக்குடும்ப முறைவழியாக்கிகளில் 65,536 துறை முகவரிகள் உள்ளன. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு பிற்று வீதம், 8,192 பைற்று நீளமுள்ள அனுமதி அட்டவணையொன்றைக் கரு வைத்திருக்கலாம். உரிய பிற்று திறந்திருந்தால் செய்நிரல் அத்துறையைத் தொடும். மூடியிருந்தால் முறைவழியாக்கி வேலையை நிறுத்திக் கருவை அழைக்கும். கருவோ, பிழையான நினைவகத்தைத் தொட்டவனுக்கு அனுப்பும் அதே குறிப்பை இவனுக்கும் அனுப்பிவிடுகின்றது. ஆகவே 'துண்டாக்கப் பிழை' என்னும் அவ்வரி பொய்யன்று. முழுமையாகச் சொல்லாத மெய்.

அனுமதி கேட்பதற்கு லினக்ஸில் இரு வழிகள் உண்டு. 'ஐஓபெர்ம்' என்னும் அழைப்பு, இன்ன முகவரி தொடக்கம் இத்தனை துறைகள் வேண்டும் என்று எண்ணிக் கேட்பது. 'ஐஓபிஎல்' என்னும் மற்றையது 65,536 துறைகளையும் ஒருங்கே திறந்துவிடுவது. இரண்டையும் கேட்கும் உரிமை றூட் பயனருக்கோ, அவ்வுரிமை தனியே வழங்கப்பெற்ற செய்நிரலுக்கோ மட்டுமே உண்டு. பாடக்குறிப்புகளில் ஐஓபிஎல்லே பெரும்பாலும் இடம்பெறுகின்றது. அது எழுதச் சுருக்கமானது. எண்ணிப் பார்க்கும் தொல்லை அதில் இல்லை.

இனி, மருந்து உட்கொண்ட மாணவனின் நிலையைப் பார்க்கலாம். டேர்போ சியில் முதலிற் துறையின் முகவரியையும் பின்பு அனுப்ப வேண்டிய எண்ணையும் எழுத வேண்டும். லினக்ஸின் அவுட்பியிலோ முதலில் எண், பின்பே முகவரி. (ஃபிறீபிஎஸ்டி என்னும் மற்றொரு யுனிக்ஸ் வழித்தோன்றலில் இது மீண்டும் தலைகீழாகும். ஒரே பெயர், எதிரெதிர் வரிசை. இவ்வொற்றுமையின்மைக்கு முறைமைகளை ஆக்கியோரையே நோக வேண்டும்.) பழைய குறிப்பைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றிய மாணவன் வரிசையை மாற்றுவதில்லை. தொகுப்பி இதனைத் தடுப்பதுமில்லை. இரண்டும் எண்களே அல்லவா? ஆகவே அவனுடைய செய்நிரல் 888ஆம் துறைக்கு 1, 2, 4, 8 என்னும் எண்களை அனுப்பவில்லை. 1, 2, 4, 8 ஆம் துறைகளுக்கு 888 என்னும் எண்ணை அனுப்புகின்றது. 888 ஒரு பைற்றினுள் அடங்காது. அதன் கீழ்ப் பைற்றாகிய 120 மட்டுமே செல்லும்.

அவ்வெட்டு எண்களும் முகவரிகளாக மாறும்போது எங்கே போய்ச் சேருகின்றன என்பதைச் சற்று நின்று நோக்குதல் தகும். தனியாள் கணினியின் மரபான அமைப்பில் 1, 2, 4, 8 ஆகியவை நினைவகத்துக்கும் கருவிகளுக்கும் இடையே தரவை நேரே கடத்தும் கட்டுப்படுத்தியின் துறைகள். 32 இடையீட்டுக் கட்டுப்படுத்தியின் துறை. 64 கணினியின் நேரத்துடிப்பைத் தரும் எண்ணியின் துறை. 128 தொடக்கச் சோதனையின்போது நோயறி எண்கள் எழுதப்படும் துறை. விளக்கு எரிக்க வந்தவன் கணினியின் நாடி நரம்புகள் அனைத்தையும் வரிசையாகத் தட்டிச் செல்கின்றான்! இதிலும் 32ஆம் துறைக்குச் செல்லும் 120 தனிக் கவனத்துக்குரியது. இரும எண்ணில் 120இன் வலமிருந்து ஐந்தாம் பிற்று 1 ஆகும். அப்பிற்று 1 ஆயிருக்கும் எவ்வெண்ணையும் இடையீட்டுக் கட்டுப்படுத்தி 'தொடக்கநிலைக்குத் திரும்பி, மீண்டும் அமைத்துக்கொள்' என்னும் கட்டளையாகவே படிக்கும். அதை நம்பி இயங்கும் பழைய கணினி அக்கணமே செயலிழந்து நிற்கலாம். வேறுவகை இடையீட்டமைப்புக் கொண்ட புதிய கணினியில் வெளிப்படையாக எதுவும் நிகழாமற் போகலாம். இரண்டிலும் விளக்கு எரியாது. கம்பி சரியில்லை, இருவாயி பழுது, அச்சுப்பொறித் துறை கெட்டுவிட்டது என்று ஆராய்ச்சி வேறு திசைகளிற் செல்லும்.

அதே மாணவன், அதே தவறுடன், ஐஓபெர்மைக் கொண்டு 888 தொடக்கம் மூன்று துறைகளை மட்டும் (தரவு, நிலை, கட்டுப்பாடு) கேட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது என்ன? 1ஆம் துறையைத் தொட்ட முதல் அடியிலேயே முறைவழியாக்கி அவனை நிறுத்தியிருக்கும். வழுநீக்கியை இயக்கிப் பார்த்தால் எந்த வரியில் நின்றது என்பது தெரியும். மூன்று துறைக்கு அனுமதி பெற்ற பின்பும் ஏன் நிற்கின்றது என்னும் வினா, முகவரியை உற்றுநோக்கச் செய்யும். ஐந்து நிமிடத்திற் தவறு வெளிப்பட்டுவிடும். காவல் மாணவனுக்குப் பகையன்று. அவனிடத்து அக்கறையுள்ள ஒரே சாட்சி அதுவே. றூட் மருந்தும் ஐஓபிஎல்லும் அச்சாட்சியின் வாயை அடைத்துவிடுகின்றன.

மருந்து ஓரோர்காற் பலிக்கின்றதே என்பார் உளர். பலிக்காத இடங்களையும் எண்ண வேண்டும். 2019 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 5.4 முதற்கொண்டு, கருவைப் பூட்டிவைக்கும் ஏற்பாடொன்று அதனுள்ளேயே அமைந்துவிட்டது. பாதுகாப்பான தொடக்கம் என்னும் வசதியோடு இயங்கும் கணினிகளில் விநியோகங்கள் பல இப்பூட்டைத் தாமே இட்டுவிடுகின்றன. பூட்டிய நிலையில் றூட் கேட்டாலும் ஐஓபெர்ம் மறுக்கப்படும்; ஐஓபிஎல் மறுக்கப்படும்; துறைகளைக் கோப்பாகத் திறக்கும் வழியும் மறுக்கப்படும். அப்பொழுது மருந்து கொடுத்தவர் என்ன செய்கின்றார்? பாதுகாப்பான தொடக்கத்தையே நிறுத்திவிடச் சொல்கின்றார். பலிக்காத மருந்தின் அளவைக் கூட்டுவதே இவ்வைத்தியத்தின் முறை.

2012 முதல் மாணவர் கைகளுக்கு எட்டும் விலையில் வந்த றாஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் நிலைமை முற்றிலும் வேறு. அவற்றிலுள்ள ஆம் வகை முறைவழியாக்கிக்குத் தனியான துறை முகவரிவெளியே கிடையாது. கருவிகள் யாவும் நினைவக முகவரிகளிலேயே வைக்கப்பட்டுள்ளன. அங்கே அவுட்பியைத் தேடுவது பாலத்தின் நடுவில் நின்று பாதைக்காரனைக் கூவி அழைப்பதை ஒக்கும். யூஎஸ்பி வழியே அச்சுப்பொறித் துறையை வழங்கும் கம்பியை வாங்கியவனுக்கும் இதே கதிதான். அக்கம்பிக்கு 888 என்னும் முகவரி இல்லை. விரிவட்டை ஒன்றிற் பொருத்தப்பட்ட துறையாயின் முகவரி உண்டு. ஆனால் அது 888 ஆக இராது. கரு தன் துறைப் பங்கீட்டை வெளியிடும் 'ஐஓபோர்ட்ஸ்' கோப்பைப் பார்த்தால் உண்மை முகவரி தெரியும். (சாதாரண பயனர் அதைத் திறந்தால் முகவரிகள் யாவும் பூச்சியமாகவே தெரியும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. பார்ப்பதற்கு மட்டும் றூட்டாவதை எவரும் குறைகூறார்.)

இவற்றினும் கேடானது வேறொன்று. எந்தக் கருவியும் இணைக்கப்படாத துறையிலிருந்து வாசித்தாற் பெரும்பாலும் 255 என்னும் எண் கிடைக்கும். எட்டுப் பிற்றுகளும் 1. அனுமதி உண்டு, பிழைச்செய்தி இல்லை, எண்ணும் வருகின்றது. அவ்வெண் எதையும் அளந்து வந்ததன்று என்று சொல்ல அங்கு எவருமில்லை.

எனவே கற்பிக்க வேண்டியது, மறுப்பைத் தாண்டும் உபாயமன்று. மறுப்பைப் படிக்கும் கல்வி. யுனிக்ஸ் முறைமைகள் மறுக்கும்போது வாளா மறுப்பதில்லை; மறுப்பின் வகையை ஓர் இலக்கத்தாற் குறித்துச் சொல்கின்றன. துறையைத் தொடுவதிற் பெரும்பாலும் எதிர்ப்படுபவை சிலவே. 13ஆம் இலக்கம், கருவியைக் குறிக்கும் கோப்பைத் திறக்கும் அனுமதி இப்பயனருக்கு இல்லை என்பதைச் சொல்லும். 1ஆம் இலக்கம், கேட்ட செயலைச் செய்யும் அதிகாரம் இவ்வழைப்பாளனுக்கு இல்லை என்பதைச் சொல்லும். 2 என்றால் அப்படியொரு கோப்பே இல்லை. கருவியை இயக்கும் கூறு ஏற்றப்படவில்லை, அல்லது பெயர் பிழை. 16 என்றால் வேறொருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கின்றார்.

13க்கும் 1க்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. 13 வந்தால் தீர்வு கோப்பின் உரிமையிலே இருக்கின்றது. டெபியன், உபுண்டு ஆகியவற்றிற் தொடர்த்துறைக்கு 'டயல்அவுட்' என்னும் குழுவும் அச்சுப்பொறித் துறைக்கு 'எல்பி' என்னும் குழுவும் உள்ளன. பயனரை அக்குழுவிற் சேர்த்தால் முடிந்தது. சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இச்சிறு விடயத்தைச் சொல்லாமல் விட்டதனாலேயே, குழுவிற் சேர்ந்தும் பயனில்லை என்று முடிவுகட்டி றூட் மருந்துக்குத் திரும்பியோர் எத்தனை பேரோ. கோப்பின் உரிமையை எல்லார்க்கும் திறந்துவிடும் வழக்கமும் உண்டு. அது கருவியைக் கழற்றி மீண்டும் செருகும் வரையே நிற்கும். புதிதாய் உண்டாகும் கோப்பு பழைய உரிமையோடேயே பிறக்கும். 1 வந்தாலோ குழுவும் கோப்புரிமையும் எவ்வாற்றானும் உதவா. அழைத்தவனுக்கு அதிகாரம் இல்லை, அல்லது கரு பூட்டப்பட்டுள்ளது. றூட்டாக ஓட்டியும் 1 வந்தால் பூட்டு என்பது ஏறத்தாழ உறுதி.

இவ்விரண்டையும் தமிழில் 'அனுமதி இல்லை' என்னும் ஒரே தொடராற் பெயர்த்து வைத்தால், நோயறியும் வழி மொழிபெயர்ப்பிலேயே அடைபட்டுவிடும். இவ்விடத்திலேதான் இது தமிழ்ச் சங்கங்கள் கவலைகொள்ள வேண்டிய விடயமாகின்றது. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானம் பயின்று, 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கிய விபுலாநந்த அடிகள், 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளிலும் பங்குகொண்டார். விஞ்ஞானம் கற்றவரே சொல்லாக்கத்திலும் ஈடுபட்டமை தற்செயலன்று. பொருள் வேறுபடும் இடத்திற் சொல்லும் வேறுபட வேண்டும் என்பது அகராதி பார்த்து மட்டும் அறியக்கூடியதன்று. அப்பொருளைக் கையாண்டு அறிய வேண்டியது. 13ஐ 'அனுமதி மறுப்பு' என்றும் 1ஐ 'அதிகாரமின்மை' என்றும் பிரித்து வழங்குவதில் என்ன இடர்ப்பாடு? 'துண்டாக்கப் பிழை' என்பதற்கு அருகில், 'அனுமதியற்ற துறையைத் தொட்டாலும் இது வரும்' என்று ஒரு வரி சேர்ப்பதிற் கடினம் என்ன? சொற்களின் தூய்மையைப் பற்றி மணிக்கணக்கில் வழக்காடும் அரங்குகள், சொற்களின் பிரிப்பைப் பற்றி ஒரு நாழிகை செலவிட்டால் மாணவர் பெறும் பயன் பெரிது.

இதில் மாணவனும் முற்றாகக் குற்றமற்றவன் அல்லன். ஐஓபெர்மை அழைக்கும் செய்நிரல்களிற் கணிசமானவை, அது திருப்பிய விடையைப் பார்ப்பதேயில்லை. அழைப்புத் தோற்று 1ஆம் இலக்கம் கையில் வந்திருக்கும். அதை வாசியாமல் அடுத்த வரியில் துறையைத் தொட்டுத் துண்டாக்கப் பிழையில் விழுவர். தெளிவான விடையைக் குப்பையில் எறிந்துவிட்டுத் தெளிவற்ற விடையைப் பற்றி முறையிடுதல் இது.

மருந்துக் கட்சியாரின் வாதங்களில் ஒன்று மதிக்கத்தக்கது. பொறியை நேரே தொட்டுப் பழகாதவன் பொறியை அறியான். கோப்பு, குழு, இயக்கி என்று இடையே திரைகளைத் தொங்கவிட்டால் மாணவன் திரையை மட்டுமே கற்பான் என்பர். இவ்வாதம் உண்மை. துறையைத் தொடுதலே ஆகாது என்று தடைவிதிக்கும் மறுதரப்பினரை நோக்க இவர்கள் எவ்வளவோ மேல். தடைவிதிப்போர் மாணவனைப் பயனராக மட்டும் வைத்திருக்க விரும்புகின்றனர். துறைகளின் காவலைக் காட்டித் தம் அறியாமையைக் காத்துக்கொள்கின்றனர். நேரத்தை நுண்ணளவிற் கட்டுப்படுத்த வேண்டிய சில வேலைகளுக்கு நேரடித் தொடுகை தேவைப்படுவதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் யுனிக்ஸ் அவ்வழியை எங்கே அடைத்தது? றூட்டாகத் தொடங்கி, ஐஓபெர்ம் மூலம் மூன்று துறைகளைக் கேட்டுப் பெற்று, உடனே றூட் அடையாளத்தைத் துறந்து சாதாரண பயனராகலாம். அடையாளம் போன பின்பும் அம்மூன்று துறைகளின் அனுமதி செய்நிரலிடம் நிற்கும். இரண்டு வரிகள் கூடுதலாகும், அவ்வளவே. பொறியை நேரே தொட்டதாயிற்று. தொடக்கூடாததைத் தொடும் ஆற்றலும் இல்லாதொழிந்தது. இந்த இரண்டு வரிகளைப் பாடக்குறிப்பில் எழுத மனமில்லாதவர், பொறியறிவின் பெயரால் வழக்காட உரிமையுடையவரா?

"ஆய்வுகூடக் கணினிதானே, கெட்டால் மீண்டும் நிறுவலாம்" என்பது இன்னொரு வாதம். கணினியை மீண்டும் நிறுவலாம். பழக்கத்தை நிறுவுவதும் அங்கேதான் நடைபெறுகின்றது. ஆய்வுகூடத்தில் றூட்டாகப் பழகிய கை, வலையமைப்போடு இணைந்து இரவுபகலாய் இயங்கும் கருவியை அமைக்கும்போதும் றூட்டாகவே அமைக்கும். அக்கருவியிற் சிறு ஓட்டை இருப்பினும், உள்ளே வந்தவனுக்கு எல்லா அதிகாரமும் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கப்பட்டாயிற்று.

துறைக்கு வேறு உரிமையாளரும் இருக்கலாம் என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மையது. 2022இல் வெளிவந்த உபுண்டு 22.04 விநியோகத்தில், மலிவான ஆடுயீனோ பலகைகள் பலவற்றைச் செருகியவர்கள் வியப்புக்குள்ளாயினர். தொடர்த்துறைக் கோப்பு ஒரு கணம் தோன்றும், உடனே மறையும். குழுவிற் சேர்ந்தும் பயனில்லை. றூட்டாகியும் பயனில்லை, ஏனெனில் திறப்பதற்குக் கோப்பே இல்லை. கருவின் பதிவேட்டை வாசித்தோர்க்கு விடை கிடைத்தது. 'பிறெல்ரிரிவை' என்னும் சேவை அக்கருவியைத் தனதென்று கைப்பற்றிக்கொண்டிருந்தது. பார்வையற்றோர் விரலாற் தடவி வாசிக்கும் பிரெயில் திரைகளை இயக்குவது அச்சேவையின் பணி. அத்திரைகளுள் ஒன்று, ஆடுயீனோ பலகையில் உள்ள அதே யூஎஸ்பி மாற்றிச் சில்லைக் கொண்டு, அதே அடையாள எண்ணோடு வருகின்றது. சேவை பலகையைத் திரையென்று கருதிவிட்டது.

இதற்கும் பரவலாக வழங்கப்பட்ட அறிவுரை, சேவையை அடியோடு அகற்றிவிடு என்பதே. தனி ஒருவரின் கணினியில் அது பொருந்தலாம். பலர் பகிர்ந்து பயிலும் ஆய்வுகூடத்திலோ, நாளை அங்கே வந்தமரும் பார்வையற்ற மாணவியின் துறையை எவருக்கும் தெரியாமல் மூடிவிடும் செயல் அது. அடையாள விதியில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கினால் இருவருக்கும் இடமுண்டு. ஒரு வரியைக் கண்டறிய வேண்டுமாயின் பதிவேட்டைப் படிக்க வேண்டும். சேவையை அகற்றப் படிப்பே வேண்டியதில்லை. றூட் மருந்தும் இதுவும் ஒரே கடையில் விற்கப்படுபவை.

வாவியின் கரைகளில் இவை யாவும் ஏட்டு விவகாரமாக நின்றுவிடப் போவதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையையும், 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தையும் கண்ட பிரதேசம் இது. மாரி வெள்ளம் வாவியில் ஏறும்போது முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டுவதா, எப்பொழுது வெட்டுவது என்பது, வயல் மூழ்கும் விவசாயிக்கும் வாவியை நம்பிய மீனவனுக்கும் வாழ்வுப் பிரச்சினை. உன்னிச்சைக் குளத்துத் துருசைத் திறக்கும் நாளையும் கூட்டம் கூடிப் பேசியே முடிவுசெய்கின்றனர். நீர்மட்டத்தை அளந்து சொல்லும் மலிவான கருவியொன்றை இங்குள்ள மாணவனே ஆக்க முடியும்: ஓர் உணரி, ஒரு பழைய கணினி அல்லது சிறு பலகை, நூறு வரிச் செய்நிரல். ஆக்கவும் வேண்டும், கொழும்பிலிருந்தோ கடல்கடந்தோ அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அக்கருவி எவ்வாறு எழுதப்படும் என்பதே கேள்வி. பிழை விடைகளைப் பார்த்து எழுதப்பட்ட செய்நிரலாயின், உணரியின் கம்பி கழன்ற இரவில் 2 என்று குறித்து வைத்துவிட்டு, அளவு இல்லை என்று சொல்லி நிற்கும். ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்பிக் கம்பியைச் செருகிவிடலாம். றூட்டாக ஓடி, ஐஓபிஎல்லால் யாவற்றையும் திறந்து, கருவி இல்லாத முகவரியை வாசித்துக்கொண்டிருக்கும் செய்நிரலாயின் அது எதையும் முறையிடாது. வாவி வற்றிச் சேறு தெரியும் ஆவணி மாதத்திலும் மணிக்கொருமுறை 255 என்று எழுதிக்கொண்டேயிருக்கும்.